ஏணியில் ஏறி வந்த தண்ணீர்

ஆலயங்களுக்கு வரைபடம் போட்டே ஓய்வு பெற்றவன் நான். எந்தச் சுவருக்கு எவ்வளவு அஸ்திவாரம், எந்த மனுவை எந்த மேசையில் வைப்பது என்பதெல்லாம் எனக்கு அத்துப்படி. ஜெபம் மட்டும் பிடிபடாமல் இருந்தது. அது பிடிபட்ட கதையைத்தான் உங்கள் முன் சொல்ல நிற்கிறேன்.

அறுபதுகளின் கடைசி. என் மனைவி எஸ்தருக்கு வயிற்றில் கட்டி. "பொங்கலத் தாண்டுறது கஷ்டம்" என்று மதுரை டாக்டர் சொல்லிவிட்டார். அருப்புக்கோட்டைக்குத் திரும்பிய பஸ்ஸில் அவள் அழவில்லை. திருச்சுழிக்கு அப்பால் அவள் பிறந்த ஊரில் அப்போது நான் ஆலயம் கட்டிக்கொண்டிருந்தேன்.

"ஊரு ஊருக்குக் கோயில் படம் போட்டீக. எங்க ஊருக் கோயில் நிழல்ல நான் ஒருக்கா உக்காரணும்" என்றாள்.

எங்கள் வறண்ட சீமையில் ஊருணி நிறைந்த பிறகே கான்கிரீட் கூரை போடுவோம். போட்ட பின் நாள் தவறாமல் நனைத்தால்தான் அது இறுகும். அவளுக்காக அந்த முறையை மீறினேன். ஐப்பசி மழையை நம்பிக் கூரையைப் போட்டேன். மழை வரவில்லை.

ஊருணியின் அடித்தண்ணீரை வீட்டுக்கு ஒரு குடமென்று முறைவைத்துக் குடித்தார்கள். கிணறுகளில் எல்லாம் உப்புத் தண்ணீர்; ஊற்றினால் உள்ளே கம்பி துருவேறும்.

"உப்புத் தண்ணியவே ஊத்திருவோம்யா. கூரைய யாரு நக்கிப் பாக்கப் போறா?" என்றார் கொத்தனார் முத்தையா.

நான் சம்மதிக்கவில்லை. நனைக்காமல் விட்டாலோ, அடியில் தாங்கும் முட்டுகளைப் பிரித்ததும் கூரை ஜனங்கள் தலையில் இறங்கும்.

கூரையின் மேலேயே முழங்காலிட்டேன். பழக்கதோஷம், ஜெபமும் மனுவாகவே வந்தது. பொருள்: மழை. காரணம்: எஸ்தர். 'அவசரம்' என்று சிவப்பு மையில் எழுதாததுதான் குறை. வானம் வெளுத்தே கிடந்தது. வாய்விட்டு அழுதேன்.

கீழே அன்னபுஷ்பம் நின்றிருந்தார். உலை வைக்கும்போது வீடுதோறும் ஒதுக்கும் பிடி அரிசியைக் கோயிலுக்குச் சேர்த்துக் கொண்டுவருபவர்.

"மழைக்கு ஆண்டவரக் கேட்டீக, சரி. எங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டீகளாய்யா?"

"குடிக்கவே இல்லாதவுககிட்ட எப்படிம்மா கேக்க?"

"அரிசி மட்டும் மிஞ்சியா குடுக்குறோம்? எஸ்தரு எங்க ஊருப் பிள்ளைய்யா."

மறுநாள் விடிந்ததும் பெண்கள் ஏணியில் ஏறினார்கள். பிடி அரிசியைப் போலவே, ஆளுக்கொரு செம்பு நல்ல தண்ணீர். நம் கோயிலுக்கு வராத, காடு உழும் சம்சாரி வீட்டு அம்மாவும் செம்போடு நின்றார்.

"எங்க வீட்ட மட்டும் விட்டுட்டீகளே, நாங்க என்ன வேத்தாளா?"

ஈரம் காயாமலிருக்க வைக்கோலைப் பரப்பி அதன்மேல் தினமும் தெளித்தோம். செம்புக் கணக்கில் கூரையை நனைப்பது எந்தக் கையேட்டிலும் இல்லாத முறை. அந்த வீடுகளில் பிள்ளைகளின் உதடு வெடித்திருந்ததையும் பார்த்தேன். இன்றும் அது நெஞ்சில் கிடக்கிறது. நான் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பதில் ஏணியில் ஏறி வந்தது.

முட்டுகளைப் பிரித்தோம். கூரை நின்றது. எஸ்தரை மாட்டு வண்டியில் படுக்கவைத்துக் கூட்டி வந்தேன். பூசாத சுவரில் சாய்ந்து உட்கார்ந்து அண்ணாந்து பார்த்தாள்.

"குளுகுளுன்னு இருக்குங்க. செத்த நேரம் இருந்துட்டுப் போவோம்."

பொழுது சாயும்வரை இருந்தோம்.

பொங்கலுக்கு முன்பே போய்விட்டாள். அவள் உயிருக்காகவும் ஜெபித்திருந்தேன். அதற்குக் கிடைத்த பதில், இல்லை என்பது. அதையும் மறைக்காமல் சொன்னால்தான் இது சாட்சி.

எழுபதுகளில் நான் வரைந்த ஒவ்வொரு ஆலயத்துக்கும், கூரைத் தண்ணீர் வந்து விழும் தொட்டியைத்தான் முதலில் வரைந்தேன், பலிபீடம் பிறகு. சில சபையார் முகம் சுளித்தார்கள். தொட்டி இல்லையென்றால் படமும் இல்லை என்றேன்.

அன்பானவர்களே, கேட்டதெல்லாம் கிடைக்கும் என்று நான் உங்களுக்குச் சொல்ல மாட்டேன். ஆனாலும் கேளுங்கள். கேட்டுவிட்டு ஏணிப் பக்கமும் ஒருமுறை திரும்பிப் பாருங்கள். அந்தக் கூரை இன்றுவரை ஒழுகவில்லை. அந்த ஊருக்குப் போகும்போதெல்லாம் அவள் சாய்ந்த இடத்தில் சாய்ந்துகொண்டு, ஆண்டவருக்கு நன்றி சொல்லி, செத்த நேரம் இருந்துவிட்டு வருகிறேன்.