மேல் வீட்டில் அடித்த காகிதம்

தெரிந்ததையும் பேசுவேன், தெரியாததைத் தெரிந்த மாதிரியும் பேசுவேன். என் தொழிலே அப்படி ஆகிப்போச்சு. அரியலூர் ரயில்வே கேட் பக்கம் கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் கடை வைத்திருக்கிறேன், பெயர் தர்மன். என் திமிர் ஒரு பெண்ணின் உயிருக்கே உலை வைக்கப் பார்த்தது. அதைச் சொல்லுமுன் கமலவேணி அக்காவைச் சொல்லியாக வேண்டும்.

அக்காவுக்குச் சொந்த ஊர் உடையார்பாளையம். டைப்ரைட்டிங்கில் ஹையர் பாஸ். புருஷன் செத்த பிறகு அரியலூர் கோர்ட்டுக்கு எதிரே மர நிழலில் மெஷினை வைத்துக்கொண்டு மனு அடித்துக் கொடுத்தார். பிறகு ஒரு பழைய கம்ப்யூட்டர் வாங்கி, குடியிருந்த வாடகை வீட்டிலேயே தொழிலை வைத்துக்கொண்டார். உயில், விவாகரத்து நோட்டீஸ், மொட்டைக் கடிதத்துக்குப் பதில் என்று ஊரில் பாதி ரகசியம் அவர் விரல் வழியாகப் போயிருக்கிறது. வாய் வழியாக ஒன்றுகூட வந்ததில்லை. ஒருத்தருக்கு அடிக்கும்போது இன்னொருத்தர் வாசலில் நின்றால், மானிட்டர் மேல் துண்டைப் போட்டு மூடிவிட்டுத்தான் 'வாங்க' என்பார். "கம்ப்யூட்டருக்குக் குளிருதாக்கா?" என்று நான் கேலி செய்வேன். சிரிப்பாரே தவிர துண்டை எடுக்கமாட்டார்.

வீட்டுச் சொந்தக்காரர் பரணிதரன் மாடியில் இருந்தார். சுண்ணாம்புக்கல் லாரி ஆபீஸில் வேலை. அவருடைய மனைவி சுவாதி, அம்மா செல்வம்மாள். லோடு சீட்டு அடிக்க வீட்டிலேயே ஒரு டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர் வைத்திருந்தார். அது அடித்தால் தெருமுனை வரை கேட்கும். அரியலூர் இன்னும் பெரம்பலூர் ஜில்லாவில் இருந்த காலம் அது. மாடிக்கு பிராட்பேண்ட் வந்தபோது, கீழேயும் இருக்கட்டும் என்று ஜன்னல் வழியாக ஒரு வயரை இறக்கி இரண்டு கம்ப்யூட்டரையும் சேர்த்தவன் நான்தான். அக்காவின் பிரிண்டர் பழுதாகி என் கடையில் கிடந்த ஒரு வாரம், மாடிப் பிரிண்டரிலேயே அடிக்கும்படி செய்து கொடுத்தவனும் நான்தான்.

ஆவணி மாதம் ஒரு புதன்கிழமை அக்கா போன் பண்ணினார். குரலே சரியில்லை. பரணிதரன் படியிறங்கும்போது, 'அந்த வாத்தியார் வூட்டு டைவர்ஸ் நோட்டீஸ்ல ஒரு எழுத்து விட்டுப்போச்சுங்க' என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டுப் போனாராம். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்த ஆள் மாடியில் உட்கார்ந்தபடி அக்காவின் ஃபைல் எல்லாவற்றையும் திறந்து படித்திருக்கிறான்.

"ரெண்டையும் பிரிச்சுடு தர்மா. அவரு கண்ணுல ஒண்ணும் படக்கூடாது," என்றார் அக்கா.

பழுது பார்த்த பிரிண்டரைத் தூக்கிக்கொண்டு சாயங்காலமே போனேன். நான் செய்த பிரிப்பு என்ன தெரியுமா? விண்டோஸில் ஒர்க்குரூப் என்று, எந்தெந்தக் கம்ப்யூட்டர் ஒரே கூட்டம் என்று காட்டும் வெறும் பெயர் ஒன்று இருக்கும். மாடிக்கு 'மேல்வீடு', கீழே 'கீழ்வீடு' என்று ஆங்கில எழுத்தில் மாற்றினேன். அவ்வளவுதான், வயரைப் பிடுங்கவில்லை. 'இனி அது வேற வூடு, இது வேற வூடு, கவலையே படாதீங்க' என்று நெஞ்சை நிமிர்த்திச் சொல்லி, டீயும் குடித்துவிட்டு வந்தேன். மடப்பயல். தெருப் பெயரை மாற்றினால் பழகின கால் வழியை மறந்துவிடுமா? பழுது பார்த்த பிரிண்டருக்கு வயர் சொருகினேனே தவிர, இனி இதில்தான் அடிக்க வேண்டும் என்று கம்ப்யூட்டருக்குச் சொல்லவும் மறந்தேன்.

மறுநாள் மத்தியானம் மறுபடி போன். பிரிண்ட் வரவில்லை, உடனே வா என்றார்.

போனால் சுவாதி உட்கார்ந்திருந்தது. இடது மணிக்கட்டில் மாவுக்கட்டு. குளியலறையில் வழுக்கி விழுந்ததாக ஊருக்கெல்லாம் சொல்லியிருந்தார்கள். என்னைக் கண்டதும் எழுந்து சுவரோடு ஒட்டி நின்றது. துண்டு மூடிய மானிட்டரின் முன்னால் நின்றுகொண்டு அக்கா தணிந்த குரலில் சொன்னார்: பெரம்பலூர் எஸ்.பி. ஆபீஸுக்குப் புருஷன் மேல் ஒரு புகார். உள்ளூர் ஸ்டேஷனில் பரணிதரனுக்கு வேண்டியவர்கள் இருக்கிறார்கள். அவர் நைட் ஷிஃப்ட் முடிந்து மாடியில் தூங்குகிறார், எழுந்திருப்பதற்குள் இந்தப் பெண் பஸ் ஏறியாக வேண்டும். பிரிச்சாச்சு, பயமில்லை என்று அக்கா சொன்ன பிறகுதான் சுவாதி வாயையே திறந்ததாம்.

"ரெண்டு தடவை அமுக்கிட்டேன். வரல. இப்ப பாரு," என்று மூன்றாவது தடவையும் அமுக்கினார்.

கீழே பிரிண்டர் அசையவில்லை. தலைக்கு மேலே 'கிர்ர்ர் கிர்ர்ர்' என்று ஆரம்பித்தது.

"அவரு கம்ப்யூட்டரை அணைக்கவே மாட்டாரு. லோடு சீட்டு ஏதாவது அடிக்குதுபோல," என்றார் அக்கா.

திரையில் பார்த்தேன். மூன்று பிரதியும் 'மேல்வீடு' பிரிண்டருக்குப் போயிருந்தன. மேலே விரலைக் காட்டினேன். சுவாதி சத்தமில்லாமல் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டது. அக்கா என்னை ஒரு பார்வை பார்த்தார் பாருங்கள், செருப்பால் அடித்திருந்தால்கூடத் தேவலை.

மாடிப்படியில் எப்படி ஏறினேன் என்று தெரியாது. கேட்டால் பிரிண்டர் பார்க்க வந்தேன் என்று சொல்லிக்கொள்ளலாம். உள்ளறையில் பரணிதரனின் குறட்டை கேட்டது. பிரிண்டர் பக்கத்தில் செல்வம்மாள் நின்றிருந்தது. மூன்று காகிதத்தையும் கிழித்துக் கையில் வைத்துக்கொண்டு, எழுத்துக் கூட்டிக் கூட்டிப் படித்துக்கொண்டிருந்தது.

முடிந்தது என்று நினைத்தேன். பெற்ற தாய், ஒரு சத்தம் போட்டால் போதும். அது உள்ளறைக் கதவைப் பார்த்தது, என்னைப் பார்த்தது. பிறகு கிட்டே வந்து, காகிதத்தில் ஒரு இடத்தில் விரலை வைத்தது.

"ஆகஸ்ட் நாலாந்தேதின்னு போட்டிருக்கு. தப்பு. மூணாந்தேதி, ஆடிப்பெருக்கு அன்னிக்கு. அவன் கையை முறுக்கினப்ப நான் பக்கத்துலதான் நின்னேன்."

அது உள்ளே போய் ஒரு மஞ்சப்பையை எடுத்துக்கொண்டு, எனக்கு முன்னால் படியிறங்கியது.

கீழே அக்கா தேதியைத் திருத்திக் கையாலேயே எழுதினார். சுவாதி கையெழுத்துப் போட்டது. அதற்குக் கீழே, நேரில் பார்த்த சாட்சி என்று செல்வம்மாள் தன் பெயரை எழுதியது. ஆறு எழுத்து, எழுதி முடிக்க ரொம்ப நேரமாயிற்று. மருமகள் மாமியாரை நிமிர்ந்து பார்க்கவில்லை. அக்கா, சுவாதி, செல்வம்மாள் மூன்று பேருமாக ஆட்டோ பிடித்து பெரம்பலூர் பஸ்ஸுக்குப் போனார்கள்.

இந்தக் கதையைக் கேட்கிறவர்கள் எல்லோரும், உன் தப்புதான் தர்மா நல்லதாப் போச்சு, ஒரு சாட்சி கிடைச்சுதே என்கிறார்கள். கேட்கும்போதே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. என்னய்யா நல்லது? அந்தச் சத்தத்தில் முழித்தது அம்மா. மகன் முழித்திருந்தால்?