அத்தை சொல்லிக்கொடுத்த அவுட்விட்

அவுட்விட் என்ற ஆங்கில வினைச்சொல்லை எனக்குச் செஞ்சிக் கோட்டையில் வைத்துச் சொல்லிக்கொடுத்தவர் அத்தை, நைனாவின் தங்கை. அப்போது நான் நாலாவது படித்தேன். அத்தை கல்லூரி முடித்துவிட்டு, பி.எட். சேர்த்துவிடச் சொல்லி அண்ணனிடம் கெஞ்சிக்கொண்டிருந்தார். கல்யாணம் ஆகட்டும், பிறகு படிக்கலாம் என்பார் நைனா. தாய் தகப்பன் இல்லாத தங்கையை நல்ல இடத்தில் சேர்த்துவிட வேண்டுமே என்ற கவலை அவருக்கு.

அவலூர்பேட்டையிலிருந்து பெண் பார்க்க வருவதாக இருந்த ஞாயிற்றுக்கிழமை, கமலக்கண்ணியம்மனைக் கும்பிட்டுவிட்டு உடனே வந்துவிடுகிறேன் என்று காலையிலேயே கிளம்பினார் அத்தை. சாமி காரியம், யாரும் தடுக்கவில்லை. துணைக்கு நான். கோட்டைக்குள் கோயில் இருக்கும் ராஜகிரி மலையில் படியேறும்போது என் பாடத்துச் சொற்களுக்கு அர்த்தம் சொல்லிக்கொண்டே வந்தார்.

"அவுட்விட்னா, சண்ட போடாம புத்தியால ஒருத்தர ஏமாத்தி ஜெயிக்கறது."

சொல்லி வாய் மூடவில்லை, ஒரு குரங்கு அவர் பையைப் பிடுங்கிக்கொண்டு மதில்மேல் ஏறியது. செல்போனும் அதற்குள்தான். நான் அழ ஆரம்பித்தேன். அத்தை பதறாமல், அர்ச்சனைக்கு வாங்கிய பழத்தில் ஒன்றை எட்டத்தில் வீசினார். குரங்கு பையைப் போட்டுவிட்டுப் பாய்ந்தது.

"பாத்தியா? இதான் அவுட்விட்."

சாமி கும்பிட்டு இறங்கிய பிறகும் வீட்டுக்குப் போகவில்லை. கீழே நெற்களஞ்சியத்தின் நிழலில் உட்கார்ந்து, செல்போனை அணைத்துப் பையில் போட்டார் அத்தை. பசிக்கிறது என்றேன். மீதிப் பழத்தை உரித்துக் கொடுத்தார். வெயில் சாய்ந்த பிறகுதான் எழுந்தார்.

வந்தவர்கள் காத்திருந்து பார்த்துவிட்டுக் கிளம்பிப் போயிருந்தார்கள். அம்மா முகம் கொடுத்துப் பேசவில்லை.

"கொரங்கு பையத் தூக்கினு போயிடுச்சிண்ணா. அதுங்கிட்டருந்து வாங்கறதுக்குள்ள நேரமாயிடுச்சி" என்றார் அத்தை.

"ஆமா நைனா! அத்தை அத அவுட்விட் பண்ணிச்சி!" என்றேன் நான், பெருமையாக.

நைனாவுக்கு அந்தச் சொல் தெரியாது. குரங்கு என்பது மட்டும்தான் காதில் விழுந்திருக்க வேண்டும். தங்கையின் இரண்டு கைகளையும் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"கடிச்சிச்சாம்மா? சொல்லு, ஆஸ்பத்திரிக்குப் போயி ஊசி போட்டுனு வந்துடலாம்."

அத்தை தேம்பித் தேம்பி அழுதார்.

அந்தச் சம்பந்தம் அத்தோடு விட்டுப்போனது. அடுத்த வருஷம் நைனாவே அத்தையைப் பி.எட். சேர்த்துவிட்டு வந்தார். ஆனால் அன்றைக்கு, ஜெயித்தவர் எதற்காக அழுகிறார் என்று எனக்கு விளங்கவில்லை. துப்பட்டாவைப் பிடித்து இழுத்துத் தைரியம் சொன்னேன்.

"அழாத அத்தை. கொரங்குதான் ஏமாந்து போயிடுச்சே."