பிள்ளை கேட்ட கற்பூரம்

கண்ணகை அம்மனை நம்பியிருக்கிற என் சகோதரிகளே, நான் சொல்லப்போவது சந்தோஷமாகச் சொல்லக்கூடிய அற்புதம் இல்லை. ஆனாலும் சொல்லாமல் இருக்க என்னால் முடியவில்லை.

என் தங்கை குவைத்தில் வீட்டுவேலை செய்கிறாள். அவளுடைய மகள் என்னோடுதான் வளர்கிறாள். பெயரை எழுதமாட்டேன், பிள்ளை என்றே சொல்கிறேன். வாவிக்கு அந்தப் பக்கம் உள்ள பள்ளிக்கூடத்துக்கு எங்கள் ஊர்ப் பிள்ளைகளை ஓட்டோவில் ஏற்றிப் போகிறவன் எங்கள் தாய்வழிக் குடியைச் சேர்ந்தவன். எனக்குத் தம்பி முறை, பிள்ளைக்கு மாமன். கோயில் வேலை என்றால் முன்னுக்கு நிற்பான். அவனை நம்பாமல் வேறு யாரை நம்புவது?

போன மாசி மாதம் ஒரு காலை, பிள்ளை வேலிக்கம்பியைப் பிடித்துக்கொண்டு ஓட்டோவில் ஏறமாட்டேன் என்று நின்றாள். பரீட்சைக்குப் பயந்து சாட்டுச் சொல்கிறாள் என்று ஏசினேன். அவள் அந்த இடத்திலேயே சத்தி எடுத்தாள். பின்னேரம் கிணற்றடியில் தலைக்கு வார்க்கும்போதுதான் வாய் திறந்தாள். மற்றப் பிள்ளைகளை எல்லாம் இறக்கிவிட்டு, கண்டல் பற்றைப் பக்கம் ஓட்டோவை நிறுத்துவானாம். அதற்கு மேல் என்னால் எழுத முடியாது. 

எங்கள் ஊரில் ஒரு குடிக்குள் வருகிற பிரச்சினை பொலிசுக்குப் போகாது. கோயிலைப் பொறுப்பாக நடத்துகிற வண்ணக்கர் முன்னால்தான் தீரும். என் புருஷனும் அவரிடம்தான் போனார். வெள்ளிக்கிழமை அம்மன் சந்நிதியில் கற்பூரம் கொளுத்தினார்கள். அவன் பிள்ளையைத் தொட்டதே இல்லை என்று சொல்லி, எரிகிற கற்பூரத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்தான். அவ்வளவுதான், எல்லாரும் எழும்பிவிட்டார்கள்.

வண்ணக்கர் கெட்ட மனுஷன் இல்லை. என்னைத் தனியே கூப்பிட்டு, "அம்மனுக்கு முன்னால சத்தியம் பண்ணிட்டான் தங்கச்சி. இனிக் கிளறாத. குமருப் பிள்ளைட பேருக்குத்தான் கூடாது" என்றார்.

வீட்டுக்கு வந்து பிள்ளையிடம் சொன்னேன். அவள் அழவில்லை.

"நானும் கற்பூரம் அணைக்கட்டா பெரியம்மா? அப்ப நம்புவாங்களா?"

அவளிடம் ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

பிள்ளை பள்ளிக்கூடம் போவதை விட்டாள். அவனோ வழமைபோல ஓட்டோ ஓடினான். எங்கள் வீட்டு வாசல் படலையடியில் வேண்டுமென்றே ஹோர்ன் அடிப்பான், இவள் கட்டிலுக்குக் கீழே போய்ப் படுப்பாள். நான் அம்மனோடு சண்டை பிடித்தேன். நீதி கேட்டு வந்த தாய்தானே நீ, உன் முகத்துக்கு முன்னால் பொய்ச் சத்தியம் பண்ணியிருக்கிறான், பார்த்துக்கொண்டா இருக்கிறாய் என்று கேட்டேன். அவனுடைய அந்தக் கை அழுகிப்போக வேண்டும் என்று நேர்ந்தேன். பாவி, அவனுக்கு ஒரு நகச்சுற்றுக்கூட வரவில்லை.

வைகாசியில் அம்மனின் வருஷச் சடங்கு தொடங்கியது. அம்மனுக்குப் பொங்க, விரதம் இருந்த பெண்கள் நெல்லுக் குத்துகிற நாள். மனமில்லாமல்தான் போனேன். உரலைச் சுற்றி நின்று குரவை போடும்போது எனக்குக் குரல் வரவில்லை. அழுகைதான் வந்தது. அழுதபடியே சொன்னேன்:

"என்ட பிள்ளை பொய் சொல்லல்ல. அவன்தான் அம்மனுக்குப் பொய் சொன்னவன்."

குரவை நின்றுவிட்டது. எனக்கு நேரே நின்ற அயல்வீட்டுக்காரி உலக்கையைச் சாத்தி வைத்தாள். அவளுடைய மகளும் அந்த ஓட்டோவில் போகிறவள்.

"என்ட மகளும் அவனுக்குப் பக்கத்தில இருக்கமாட்டன் எண்டு அழுறவள். நான் அடிச்சி அடிச்சி ஏத்தினன் கா."

இன்னொருத்தி தலையில் கை வைத்துக்கொண்டு நிலத்தில் இருந்துவிட்டாள். அவளுடைய பிள்ளையும் அந்த ஓட்டோவில்தான் போகிறது. நாங்கள் நெல்லைக் குத்தி முடித்து, அரிசியை அம்மனுக்குக் கொடுத்துவிட்டு, விரதச் சேலையோடே பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு பொலிசுக்குப் போனோம். அங்கே ஒரு பெண் உத்தியோகத்தர் பிள்ளையைத் தனியே இருத்தி, நடந்ததைக் கேட்டார். அன்றைக்குத்தான் ஒருவர் அவளிடம் கேட்டது.

அவனைப் பிடித்தார்கள். வழக்கு இன்னும் நடக்கிறது. எங்கள் குடியில் பாதிப்பேர் எங்களோடு பேசுவதில்லை. தங்கை போனில் அழுகிறாள், என்ன சொல்லி ஆற்றுவது? பிள்ளை திரும்பவும் பள்ளிக்கூடம் போகிறாள், ஆனால் முன்னைப்போலச் சிரிப்பதில்லை. இப்போது தாய்மார் நாங்கள் முறை வைத்துப் பிள்ளைகளைப் பாலம் தாண்டிக் கூட்டிப்போகிறோம். வெள்ளிக்கிழமைகளில் கோயில் வளவில் கூடுகிறோம். ஒரு பிள்ளை ஏதாவது சொன்னால், பெரியவர்களிடம் போக முதல் அந்தப் பிள்ளை சொல்வதை முழுக்கக் கேட்பது என்று முடிவெடுத்திருக்கிறோம். வண்ணக்கரும் ஒருநாள் வந்து ஓரமாக இருந்தார். முடியும்வரை கேட்டுக்கொண்டிருந்தார்.

நான் கேட்ட தண்டனையை அம்மன் கொடுக்கவில்லை. எனக்குத் துணைக்கு ஆட்களைத் தந்தாள். அதற்காக அவளைச் சாகும்வரை கும்பிடுவேன். உங்கள் வீட்டுப் பிள்ளை யாரையாவது கண்டு பயந்தால், நீங்களும் அம்மனிடம் போய் அழுங்கள், அவள் கேட்பாள். ஆனால் அந்த ஆள் கையில் கற்பூரத்தைக் கொடுக்காதீர்கள். முதலில் பிள்ளையிடம் கேளுங்கள்.

என் பிள்ளை இன்னும் கற்பூரத் தட்டைத் தொடுவதில்லை. தட்டு வரும்போது இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொள்கிறாள். நான் வற்புறுத்துவதில்லை. அவளுக்கும் சேர்த்து நானே கண்ணில் ஒற்றிக்கொள்கிறேன்.