‘அவரு’ இருக்கும் விலாசம்

அண்ணன் இறந்த பிறகு, போத்தனூரில் இருக்கும் எங்கள் மோட்டார் பட்டறையை பிரைவேட் லிமிடெட் கம்பெனியாக மாற்ற நானும் அண்ணியும் காந்திபுரத்தில் ஓர் ஆடிட்டரைப் பார்த்தோம். இயக்குநர்கள் குறைந்தது இரண்டு பேர் வேண்டுமாம். நாங்கள் இரண்டு பேர் இருந்தோம். கம்பெனிக்கு அண்ணன் பெயரையே வைக்கச் சொன்னார் அண்ணி.

ஆடிட்டர் கம்பெனிக்கும் மரியாதை கொடுத்துத்தான் பேசினார். "சட்டப்படி அவரு தனி ஆளுங்க. அவரு பட்ட கடனுக்கு உங்க ஊட்டைத் தொட முடியாதுங்க. நீங்க ரெண்டு பேரும் போயிட்டாலும் அவரு இருப்பாருங்க."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. காகிதத்தில் பிறக்கும் கம்பெனிக்கு என்ன ‘அவரு’? அண்ணி ‘அவரு’ என்று சொல்வது ஒருவரை மட்டும்தான்.

அண்ணி நிமிர்ந்து உட்கார்ந்தார். "அவரு எங்கீங்க இருப்பாரு?"

"ரிஜிஸ்டர்டு ஆபீசுலீங்க. எந்த விலாசம் போடட்டுங்க?"

"எங்க ஊடுதானுங்க. முன்னால இருக்கற ரூமு."

அண்ணன் கடைசியாகப் படுத்திருந்த அறை அது. அன்றிலிருந்து பூட்டியே கிடந்தது. இப்போது அதன் வாசலில் அவர் பெயர் போட்ட போர்டு தொங்குகிறது. நானும் அந்தக் கம்பெனியின் இயக்குநர்தான். ஆனாலும் கதவைத் தட்டிவிட்டுத்தான் உள்ளே போகிறேன்.