எழுவாய் இல்லாத வாக்கியம்

2023 நவம்பர் 14, செவ்வாய்க்கிழமை, பிற்பகல் 3.50. வெப்பநிலை நான்கு பாகை, தூறல், மூடுபனி. அன்றே குறித்துவைத்தேன். மிகைப்படுத்துவது என் வழக்கமன்று. இது நடந்தது.

நான் வசிக்கும் எசனிலிருந்து ஒன்றரை மணிநேரப் பயணத்தில் ஒரு சிறு ஜேர்மன் நகரம். அங்கே பழைய யூதப் பள்ளிக்கூடமும், அதை ஒட்டி நாட்டார் அருங்காட்சியகமும் உள்ளன. தமிழ்ப் பார்வையாளர்களுக்கான ஒலி விளக்கத்தை எழுதிப் பதிவுசெய்வது என் வேலை. ஆறு ஆண்டுகளாகத் தற்காலிகப் பணி. உரையை நிர்வாகக் குழு ஏற்றால் நிரந்தரம்.

ஒரு வாக்கியம் மட்டும் இடறியது. 1941இல் ஆசிரியை செல்மாவை வகுப்பறையிலிருந்து இழுத்துச் சென்றவர் எதிர்வீட்டுத் தச்சர். ஆவணம் பெயரோடு சொல்கிறது. அவருடைய பேரன்தான் குழுவின் தலைவர்.

“பெயர் வேண்டாமே. செயப்பாட்டுவினையில் எழுதலாமா?” என்றார் பொறுப்பாளர் யூலியா.

எழுதினேன்: “ஆசிரியை செல்மா அழைத்துச் செல்லப்பட்டார்.”

யூலியா கேட்டது செயப்பாட்டுவினையை மட்டுமே. “அழைத்து” நானாகச் சேர்த்தது. என் அண்ணனை மன்னாரில் கொண்டுபோனதைச் சொல்லும்போது, அம்மா ஒருநாளும் அந்தச் சொல்லைச் சொன்னதில்லை.

அந்தச் செவ்வாய்க்கிழமை பள்ளிக்கூடத்தில் பதிவு. அருங்காட்சியகத்தைத் துப்புரவு செய்யும் சிசிலி அக்கா கதவின் திறப்பைக் கையில் தந்தார்.

“தம்பி, கதவைப் பூட்டிக்கொண்டு பேசுங்கோ. இல்லாட்டி என்ர மெஷினும் உங்கட தமிழ் பேசும்.”

பூட்டினேன். 4.12க்கு அந்த வாக்கியத்தை வாசித்தேன்.

டொக். டொக்.

மேசையில் விரலால் தட்டியது போன்ற ஒலி. பிறகு ஒரு பெண்குரல், ஜேர்மன் மொழியில், பொறுமையாக...

“வேர்?”

யார்?

கதவருகே சென்று, “அக்கா, நீங்களா கேட்டீர்கள்?” என்றேன்.

சுவருக்கு அப்பால் துப்புரவு மெஷினின் இரைச்சல் நின்றது. “நானோ? உள்ளுக்கை வர ஏலாது, தம்பி. திறப்பு உங்களிட்டையெல்லோ!”

4.19. மீண்டும் வாசித்தேன்.

டொக். டொக்.

“வேர்?”

இம்முறை அருகில். என் தோளுக்குப் பின்னால்.

எழுவாயைக் கண்டறியக் கேட்கும் கேள்வி அது. தமிழிலும் அதுதான், ஜேர்மனிலும் அதுதான். என் வாக்கியத்தில் இலக்கணத்துக்குச் செல்மா எழுவாய்; செய்தவரைத்தான் காணவில்லை.

தச்சரின் பெயர் நாக்கு நுனியில் இருந்தது.

சொல்லவில்லை.

4.23. வாசித்தேன்.

ஒலியில்லை...

ஒரு பெருமூச்சு மட்டும்.

மாணவன் தேறமாட்டான் என்று தெரிந்த பெருமூச்சு.

வெளியே ஓடினேன். பதிவில் என் குரலைத் தவிர எதுவுமில்லை. ஆனாலும் மறுநாள், எசனில் என் சமையலறையில், அந்த வாக்கியத்தை மட்டும் மறுபடி பதிவுசெய்து பழைய பதிவில் ஒட்டினேன். ஒரு சொல்லையும் மாற்றவில்லை.

ஒரு வாரம் கழித்து, அருங்காட்சியகத்துக்குப் புதிதாக வந்துசேர்ந்த பழைய கடிதமொன்றை யூலியா காட்டினார். எழுதியவர் பென்ஜமின், செல்மாவிடம் படித்தவர், நாட்டைவிட்டுத் தப்பியவர்.

“பாருங்கள், உங்களைப் போலவே இலக்கணம் பார்க்கிற ஆசிரியை!” என்று சிரித்துக்கொண்டே வாசித்தார். “எழுவாய் இல்லாமல் வாக்கியம் சொன்னால் ஆசிரியை மேசையில் இருமுறை தட்டுவார். ‘வேர்?’ என்பார். விடை வரும்வரை யாரையும் வீட்டுக்கு விடமாட்டார்.”

உரையைத் திருத்த அப்போதும் ஏழு நாள்கள் இருந்தன. ஏழு நாளும் நான் வாய் திறக்கவில்லை.

நவம்பர் 28, காலை 10.05. குழுத் தலைவரே நேரில் வந்தார். உரை திருத்தமின்றி ஏற்கப்பட்டது, பணி நிரந்தரமாக்கப்பட்டது. பணி ஆணையின் கீழே அவருடைய கையொப்பம், தச்சரின் குடும்பப் பெயரோடு. தாளை நீட்டினார்.

இரண்டு கைகளாலும் வாங்கிக்கொண்டேன்.