மிதிபட்ட பல்பு

பல்பு அக்காவுக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். மலைக்கடியில் குடைந்த ஆய்வுக்கூடத்தில் இருபது வருடமாகத் துகள் பிடிக்கிறாள். பிடிபட்ட துகள்களைவிட அவளிடம் அடிபட்ட ஆட்கள்தான் அதிகம். ஸ்டூல் பறந்த கதை ஊருக்கே தெரியும்.

கண்ணுக்குத் தெரியாத அந்தத் துகள் தொட்டித் தண்ணீரில் எதிலாவது மோதினால் துளி வெளிச்சம் வரும். அதைப் பார்க்கத்தான் தொட்டியின் அடியிலும் சுவரிலும் ஏழாயிரம் பல்புகள்; வெளிச்சம் தருகிற பல்பு இல்லை, வெளிச்சத்தைப் பிடிக்கிற பல்பு. ஒவ்வொன்றும் குடத்தளவு பெரிசு, உள்ளே காற்றே கிடையாது. ஒன்றின் மேல் கால் பட்டாலும் நோட்டில் எழுதி, அதைக் கழற்றிச் சோதிக்க வேண்டும். அந்தச் சட்டம் போட்டவளே அவள்தான்.

பல்பு மாட்டும் மேஸ்திரி அவள் புருஷன். தொட்டியைக் கழுவிய அன்று, சாப்பிடும்போது மெல்ல ஆரம்பித்தார்.

"அடியில ஒண்ண மிதிச்சுட்டேன். கீறல்கூட இல்ல. எழுதிடாதம்மா, வேலையே போயிடும்."

ஊரையே உண்டு இல்லை என்று பண்ணுகிறவள் வீட்டில் வாயை மூடிக்கொண்டாள். எல்லாம் சரி என்று நோட்டில் கையெழுத்தும் போட்டாள்.

தொட்டி முக்கால்வாசி நிரம்பிய மதியம், அந்த ஒன்று தண்ணீரின் கனம் தாங்காமல் நசுங்கி வெடித்தது. அதன் அதிர்வு பக்கத்துப் பல்பை உடைத்தது, அது அடுத்ததை. பத்து எண்ணுவதற்குள் ஆறாயிரம் பல்பு தூள். மேல்தளத்தில் நின்றவர்கள் குப்புற விழுந்தார்கள். தண்ணீரில் ரப்பர் படகில் கேபிள் பார்த்துக்கொண்டிருந்த மேஸ்திரியைக் காணவில்லை.

எந்தப் பல்பு என்று அவளுக்கு அந்த நொடியே தெரிந்துவிட்டது. பயந்தால் அடிக்கத்தான் அவளுக்குத் தெரியும். பல்பு செய்து கொடுத்த கண்ணாடிக்காரரும் தொட்டி நிரம்புவதைப் பார்க்க வந்து மேல்தளத்தில் விழுந்து கிடந்தார்; அவர் எழுந்து நின்றதும் சட்டையைக் கொத்தாகப் பிடித்தாள்.

"ஓட்டைக் கண்ணாடிய என் தலையில கட்டிட்டியேய்யா!"

"மேடம், டெஸ்ட் ரிப்போர்ட்டைப் பாருங்க..."

வாயிலேயே குத்தினாள். ரத்தம் கொட்டியது. மறுபடி குத்தினாள். பக்கத்தில் நின்ற ஆய்வுக்கூட இயக்குநர் தடுக்கவில்லை. யார் தலையிலாவது பழியைப் போட்டாக வேண்டும் என்பது அவர் கவலை.

அதற்குள் மேஸ்திரியைக் கயிறு கட்டி மேலே தூக்கிவிட்டார்கள். முகமெல்லாம் கண்ணாடிக் கீறல், இரண்டு காதிலும் ரத்தம். தள்ளாடி வந்து மனைவியின் தோளைப் பிடித்து, அவள் காதருகே குனிந்தார். தன் காது போனது அந்த மனுஷனுக்கே தெரியவில்லை. ரகசியம் சொல்வதாக நினைத்துக்கொண்டு குகையே அதிரக் கத்தினார்.

"நான் மிதிச்ச பல்புதாம்மா! யார்கிட்டயும் சொல்லிடாத!"

கண்ணாடிக்காரர் உடைந்த பல்லைத் துப்பினார். அவர் சட்டை இன்னும் அவள் பிடியில்தான் இருந்தது.