பின்பக்கத்தில் முப்பது

ஒரு கை தாள்களைத் தட்டித் தட்டி விளிம்பு சேர்த்தது. இன்னொரு கை ஸ்டேப்ளர் ஊசிகளை நகத்தால் நெம்பி எடுத்து ஒரு மூடியில் போட்டது. காலைப் பேச்சுவார்த்தைக்குப் போன தாள்கள் திரும்பி வந்திருந்தன. இரு தரப்பும் ஒத்துக்கொண்டதைச் சட்டத் திருத்தமாகத் தட்டச்சு செய்து, மூன்று மணிக்குள் நாடாளுமன்றச் செயலகத்தில் கொடுத்தாக வேண்டும். பதினோரு வருடமாகக் கட்சி அலுவலகத்தில் அவளுக்கு அதுதான் வேலை.

அவளுடைய கட்சிக்கு நாடாளுமன்றத்தில் உறுப்பினர்கள் நால்வர். “ஒரே கார்ல அடங்குற கட்சி” என்று ஆளுங்கட்சிக்காரர்கள் கேலி செய்வார்கள். அலுவலகமும் அதற்குத் தக்கபடி தரைத்தளத்துக்குக் கீழே, லிஃப்ட் இரைச்சலை ஒட்டிய ஓர் அறை. இந்த வாரம்தான் அந்தக் காருக்கு மவுசு வந்தது. இயந்திரப் பாதுகாப்பு மசோதா நிறைவேற ஆளுங்கட்சிக்கு மூன்று ஓட்டு குறைந்தது.

ஐம்பது பேராவது வேலை பார்க்கும் இடமாக இருந்தால்தான் ஆய்வாளர் வந்து இயந்திரங்களைச் சோதிப்பார் என்றது மசோதா. பத்துப் பேர் இருந்தாலே வர வேண்டும் என்றது இவளுடைய கட்சி. இப்படிப்பட்ட பேரத்துக்கு எப்போதும் இரண்டு தாள் தயாராகும். கேட்கும் தாள் மேசைக்குப் போகும். இறங்கும் தாள், அதாவது எதுவரை விட்டுக்கொடுக்கலாம் என்பது, தலைவரின் சட்டைப்பையைத் தாண்டக் கூடாது. இரண்டையும் தட்டச்சு செய்பவள் இவள்தான்.

இவளுடைய அக்கா ஒரு பை தைக்கும் பட்டறையில் இருந்தாள். அங்கே பதினான்கு பேர். போன வருடம் பாதுகாப்பு மூடி இல்லாத இயந்திரத்தின் ஊசி அக்காவின் ஆள்காட்டி விரலைத் துளைத்து மறுபக்கம் வந்தது. “என் தங்கச்சி எழுதுற சட்டம் வருது, பொறுங்கடி” என்று அக்கா பட்டறை முழுக்கத் தம்பட்டம் அடித்திருந்தாள்.

காலையில் தலைவர் தொங்கிய முகத்தோடு படியிறங்கி வந்தார். “ஆளுங்கட்சிக் கொறடா எடுத்த எடுப்புலயே முப்பதுன்னுட்டாரும்மா. அரை மணி நேரம் மல்லுக்கட்டினேன். மனுஷன் சிரிச்சுக்கிட்டே உட்கார்ந்திருக்காரு, ஒரு இம்மி அசையலை.”

“விடுங்க தலைவரே, ஐம்பதுல இருபதைக் கறந்துட்டோமே!” என்றார் நால்வரில் இளையவர்.

“கறந்தோமா, கன்னுக்குட்டி மிச்சம் வெச்சதை நக்கினோமா?” என்று முனகிவிட்டுத் தலைவர் உள்ளறைக்குப் போனார்.

இப்போது ஊசி எடுத்துக்கொண்டிருந்தவள் நாலாவது தாளைத் திருப்பினாள். பின்பக்கத்தில் தலைப்பு கோணலாக அச்சான இறங்கும் தாள். ‘கடைசி எல்லை: முப்பது.’ முப்பதுக்குக் கீழே பென்சிலால் ஒரு மெல்லிய கோடு. இந்த அறையில் யாரும் பென்சில் வைத்திருப்பதில்லை.

அவளுக்குக் காது மடல்வரை சுட்டது.

கட்சிக்குக் கிடைக்கும் தாள் மாதப் பாதியிலேயே தீர்ந்துவிடும். அதனால் ஒருபக்கம் அச்சான தாள்களை அடுக்கி வைத்து மறுபக்கத்தைப் பயன்படுத்துவாள். கெட்டிக்காரி என்று பேரெடுத்ததே அதில்தான். அச்சு பிசகிய ரகசியத் தாளை மட்டும் கிழித்துவிட வேண்டும். நேற்று கிழிக்கக் கையில் எடுத்தபோது அக்காவின் போன் வந்தது. “அடியே, எங்க பட்டறையும் சட்டத்துல வருதுல்ல?” என்றாள் அக்கா. “வரும்க்கா, நான் பார்த்துக்கறேன்” என்று பேசியபடியே தாளை அடுக்கில் வைத்திருக்கிறாள். கேட்கும் தாள் அதன் மறுபக்கத்தில் அச்சாகிக் கொறடாவின் கைக்கே போயிருக்கிறது.

கிழிக்கும் இயந்திரம் மூன்றடி தூரத்தில் இருந்தது. கொறடாவின் ஆட்கள் வாய் திறக்கப் போவதில்லை. தாளை இரண்டாக மடித்தும்விட்டாள். உள்ளறையிலிருந்து தலைவரின் குரல் கேட்டது. “இன்னும் கொஞ்சம் பிடிச்சு நின்னிருக்கணும். நமக்கு வாய் போதாது.” யாரிடம் சொல்கிறார்? சுவரிடம்தான். அவளுடைய தப்புக்கு அவர் தன்னையே திட்டிக்கொள்வதைக் கேட்டுக்கொண்டு அவளால் உட்கார முடியவில்லை.

மடிப்பைப் பிரித்து அவர் முன் வைத்தாள். “உங்க வாய்ல குறையில்ல தலைவரே. நான்தான் காட்டிக் கொடுத்துட்டேன்.”

அவர் கண்ணாடியைப் போட்டார். முன்பக்கம் பார்த்தார், பின்பக்கம் பார்த்தார். “அதான் சிரிச்சானா?” என்றார்.

“திட்டுங்க.”

“திட்டினா முப்பது பத்தாயிடுமா?”

“ஓட்டுப் போட மாட்டோம்னு இப்பவும் சொல்லலாமே?”

“இதைப் படிச்சவன் நம்புவானா? மெய்யாவே போடலன்னு வெச்சுக்கோ, மசோதாவே கவிழ்ந்துடும். முப்பது பேர் இருக்கற இடத்துக்கும் ஒண்ணும் கிடைக்காது.” கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “முப்பதுன்னு எழுதிக் கொடுத்தவன் நான். பத்துல நிக்க எனக்கே தெம்பு இல்ல. அவங்க அதைத்தான் படிச்சாங்க. மத்தவங்ககிட்ட நானே சொல்லிக்கறேன், உன் பேரு வேண்டாம்.”

ஏசியிருந்தால் தேவலை. மன்னிப்பு பாறாங்கல்லாக வந்து உட்கார்ந்தது. “வேண்டாம் தலைவரே, நானே சொல்றேன்” என்றாள்.

சொன்னாள். ஒருவர் அவளைப் பார்க்காமல் தட்டச்சான திருத்தத்தில் கையெழுத்துப் போட்டார். ஒருவர் நீளமாகப் பெருமூச்சு விட்டார். இளையவர் மட்டும், “சிக்கனம் சிக்கனம்னு நாமதானே தலையில தூக்கி வெச்சு ஆடினோம்” என்றார். அந்த ‘நாம’ அவளை இன்னும் கூசச் செய்தது.

இரண்டரை ஆகிவிட்டது. செயலகத்துக்குப் போகும் நடைவழியில் நின்று அக்காவை அழைத்தாள். பின்னால் தையல் இயந்திரங்கள் கடகடத்தன.

“அக்கா, முப்பது பேர் இருக்கற இடத்துக்குத்தான். உங்க பட்டறை வராது. என்னாலதான்க்கா.” தாளைப் பற்றி ஒன்றுவிடாமல் சொன்னாள்.

“இவளுங்ககிட்ட நான் என்னன்னு சொல்லுவேன்?” என்றாள் அக்கா.

“நான் ஞாயித்துக்கிழமை வந்து நானே சொல்றேன்.”

“வா. வந்து சொல்லு.” போன் வைக்கப்பட்டது.

செயலக மேசைக் குமாஸ்தா திருத்தத்தின் மூன்று படிகளையும் பக்கம் பக்கமாகப் புரட்டிவிட்டு அவளிடமே நீட்டினார். “நாலு கையெழுத்தும் இருக்கு. இதுதான் முடிவா? முத்திரை விழுந்துட்டா மாத்த முடியாது, பார்த்துக்குங்க.”

“முடிவுதாங்க” என்று அவற்றைத் திரும்ப அவர் கையில் கொடுத்தாள்.